எல்லாம் செய்கிற குதிரைக்கு எப்படி மார்க் போடுவது?

(கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஏ பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள், ஏதாவது பேசுங்களேன்" என்று நம் செயலாளர் கேட்டார். போய் வந்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் சாலை, குப்பைத்தொட்டி, வரிசை மூன்றையும் நான் தொடப்போவதில்லை. குதிரைக் கண்காட்சியில் 'எல்லாவற்றிலும் சிறந்த குதிரை' என்ற பரிசை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். பின் வரிசையில் சிரிக்கிறார்கள். பரவாயில்லை. இதற்கும் நம் ஆண்டு விழாவுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு விழாவில் குழந்தைகளுக்கான ஆல்ரவுண்டர் கோப்பைக்குக் கூட்டல் போட்டது நான்தான். முப்பது வருடம் தணிக்கை வேலை பார்த்தவன் என்பதால் பேப்பரையும் பேனாவையும் என் கையில் கொடுத்துவிட்டார்கள். முதல் பரிசுக்கு 5, இரண்டாவதற்கு 3, மூன்றாவதற்கு 1 என்று மேஜையில் உட்கார்ந்தபோதுதான் முடிவு செய்தோம். ஒரு பையன் 50 மீட்டர், 100 மீட்டர், சாக்கு ஓட்டம் மூன்றிலும் முதல். 15 மார்க், கோப்பை அவனுக்கு. ஒரு சிறுமி ஏழு போட்டியில் கலந்துகொண்டாள். கேரம், செஸ், ஓவியம், பேச்சு, ஓட்டம் எதையும் விடவில்லை. இரண்டில் இரண்டாவது, நான்கில் மூன்றாவது, ஒன்றில் நான்காவது. 10 மார்க். "எல்லாத்துலயும் நான்தானே தாத்தா இருந்தேன்?" என்று கேட்டாள். நான் பேப்பரைக் காட்டி, "பதினைந்து, பத்தைவிடப் பெரியதும்மா" என்றேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் டெக்சஸில் மகள் வீட்டுக்குப் போனேன். பேத்தி குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள். ஒரு சனிக்கிழமை அவர்கள் ஊர்க் கண்காட்சியில் அலுவலக மேஜைக்கு ஆள் குறைவு என்று என்னை உட்காரவைத்துவிட்டார்கள். எங்கே போனாலும் என் தலையில் கூட்டல்தான் எழுதியிருக்கிறது போல.

'குதிரைக் கண்காட்சி' என்றதும் அலங்கரித்த குதிரைகள் ஊர்வலம் போவதை நினைக்க வேண்டாம். அங்கே நடப்பது பல தனித்தனிப் போட்டிகள். மாட்டுப் பண்ணை வேலைக்கான குதிரைகளுக்கு 'வெர்சடிலிட்டி ரேஞ்ச் ஹார்ஸ்' என்று ஒரு போட்டி வரிசை உண்டு. அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ் அசோசியேஷன் நடத்துவது. 1940-ல் டெக்சஸில் தொடங்கிய சங்கம் அது. கால் மைல் தூரத்தை மின்னல் மாதிரி ஓடுகிற இனம் என்பதால்தான் அந்தக் குதிரைக்குக் குவார்ட்டர் என்று பெயர்.

அதில் குதிரை என்னவெல்லாம் செய்ய வேண்டும் தெரியுமா? நடை, ஓட்டம், பாய்ச்சல் என்று சொன்ன வேகத்தில் சொன்னபடி போக வேண்டும். தடைப் பாதையில் போக வேண்டும்: மேலே இருப்பவர் இறங்காமலே கேட்டைத் திறந்து மூடுவதற்கு ஏற்றபடி நின்று கொடுக்க வேண்டும், மரப்பாலம் ஏற வேண்டும், கீழே கிடக்கும் கட்டைகளைக் காலில் இடிக்காமல் தாண்ட வேண்டும். பிறகு 'ரெய்னிங்': நின்ற இடத்தில் பம்பரமாகச் சுற்றுவது, முழுப் பாய்ச்சலில் வந்து பின்னங்கால்கள் மண்ணில் சறுக்க நிற்பது. பிறகு மாட்டு வேலை: ஒற்றை மாட்டை மைதானத்தின் ஒரு முனையில் மடக்கி நிறுத்தி, வேலியோரம் விரட்டித் திருப்ப வேண்டும். மந்தையிலிருந்து ஒரு மாட்டை மட்டும் பிரித்து, அது திரும்ப மந்தைக்குள் புகாமல் மறிக்கவும் வேண்டும். கடைசியில் உடலமைப்பு. நம் ஊர் மாட்டுச் சந்தையில் காலைத் தட்டிப் பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி வரிசையாக நிறுத்திப் பார்ப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் அதே குதிரை, அதே ஆள். ஒன்றுக்கு ஒரு நிபுணரை ஏற்றி, இன்னொன்றுக்கு வேறொருவரை ஏற்ற முடியாது. எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. இந்தப் போட்டிக்கு வரும் குதிரைக்குக் குளம்பில் பாலிஷ் கூடாது, பிடரி மயிரைப் பின்னக் கூடாது, வாலுக்கு ஒட்டுமுடி கூடாது. சேணத்தில் வெள்ளி வேலைப்பாடு இருந்தாலும், நல்ல உழைக்கிற சேணத்தைவிட அதற்குக் கூடுதல் மதிப்புத் தரக் கூடாது. நம் ஃபேன்சி டிரஸ் போட்டிக்கு இதைக் கொண்டுவந்தால் பாதி அம்மாக்கள் என்னிடம் பேசமாட்டார்கள்.

சரி, இத்தனையும் செய்து முடித்த குதிரைகளில் யார் சிறந்தவர் என்று எப்படிச் சொல்வது? கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். எதைக் கூட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூன்று குதிரைகளை நானே கற்பனையாக வைத்துக்கொள்கிறேன். செவலை, சாம்பல், கருப்பி. மூன்று போட்டிகள், ஒவ்வொன்றிலும் பத்துக் குதிரைகள். செவலை வாங்கியது 74, 73, 50. இடம்: முதல், முதல், ஒன்பதாவது. சாம்பல் வாங்கியது 71, 71, 68. மூன்றிலும் மூன்றாவது இடம். கருப்பி வாங்கியது 70, 69, 80. ஐந்தாவது, ஐந்தாவது, முதல்.

நான் போன ஆண்டு இங்கே போட்ட 5-3-1 கணக்கைப் போட்டால் செவலைக்கு 10, கருப்பிக்கு 5, சாம்பலுக்கு 3. செவலை ஜெயிக்கிறது. இடங்களைக் கூட்டி, குறைவாக இருப்பவர் வெற்றி என்று வைத்தால் சாம்பலுக்கு 9, மற்ற இரண்டுக்கும் 11. சாம்பல் ஜெயிக்கிறது. மார்க்கை அப்படியே கூட்டினால் கருப்பிக்கு 219, சாம்பலுக்கு 210, செவலைக்கு 197. கருப்பி ஜெயிக்கிறது.

அதே குதிரைகள், அதே நாள், அதே ஓட்டம். மூன்று கணக்கு, மூன்று வெற்றியாளர். ஒரு கூட்டலிலும் தப்பில்லை. வீட்டுக்குப் போய் இதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்த இரவு தூக்கம் வரவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? மார்க்கை அப்படியே கூட்டும்போது, எந்தப் போட்டியில் மார்க் அதிகமாக ஏறி இறங்குகிறதோ அந்தப் போட்டிதான் பரிசைத் தீர்மானிக்கும். ரெய்னிங்கில் ஒவ்வொருவரும் 70-ல் தொடங்குவார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் அரை அரை மார்க்காக ஏற்றி இறக்குவார்கள். ஒரு அசைவுக்கு அதிகபட்சம் ஒன்றரை கூடும், ஒன்றரை குறையும். அதனால் நல்ல குதிரைகளுக்கு இடையே வித்தியாசம் கொஞ்சமாகத்தான் இருக்கும். பக்கத்தில் 50-க்கும் 80-க்கும் நடுவே மார்க் ஓடுகிற ஒரு போட்டியை வைத்துக் கூட்டினால், ரெய்னிங் நடந்ததற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். வீட்டுப் பட்ஜெட்டில் தீப்பெட்டி விலையையும் வாடகையையும் சேர்த்துக் கூட்டுவது போலத்தான்.

5-3-1 கணக்கில் வேறு சங்கடம். நான்காவது இடத்துக்கும் நாற்பதாவது இடத்துக்கும் அதில் வித்தியாசமே இல்லை. இரண்டும் பூஜ்யம். சிறப்பாக ஒன்றைச் செய்பவரைத் தேட அது நல்ல கணக்கு. பலவற்றைச் செய்பவரைத் தேடுவதற்கு அது உதவாது.

இடங்களைக் கூட்டுவது நியாயமாகத் தெரிகிறது, இல்லையா? அதிலும் ஒரு ஓட்டை உண்டு. 40 குதிரைகள் வந்த போட்டியில் மூன்றாவது வருவதும், 4 குதிரைகள் வந்த போட்டியில் மூன்றாவது வருவதும் ஒன்றா? அதனால்தான் குவார்ட்டர் ஹார்ஸ் சங்கத்தின் வழக்கமான கண்காட்சிகளில் எத்தனை குதிரைகள் வந்தன என்பதைப் பார்த்துப் புள்ளி தருவார்கள். கூட்டம் அதிகமானால் முதலிடத்துக்குப் புள்ளி அதிகம், புள்ளி கிடைக்கும் இடங்களும் அதிகம். ஆனால் அதைச் செய்தவுடன் அடுத்த சிக்கல் வரும். கூட்டம் அதிகமாக வருகிற ஒரே மாதிரியான இரண்டு மூன்று போட்டிகளில் மட்டும் குதிரையை இறக்கி, புள்ளியை அள்ளிக்கொண்டு போய்விடலாம்.

அதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு அழகாகத் தோன்றியது. ஓக்லஹோமா சிட்டியில் ஆண்டுதோறும் அந்தச் சங்கத்தின் உலக சாம்பியன்ஷிப் கண்காட்சி நடக்கும். 1978 முதல் அங்கே 'சூப்பர்ஹார்ஸ்' என்று ஒரு பட்டம் தருகிறார்கள். புள்ளி அதிகம் வாங்கிய குதிரைக்குத்தான் பட்டம். ஆனால் குறைந்தது மூன்று போட்டிகளில் வாங்கியிருக்க வேண்டும், அந்த மூன்றும் வெவ்வேறு பிரிவைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஒரே வகைப் போட்டியை மூன்று பெயரில் ஓடி மூன்று என்று கணக்குக் காட்ட முடியாது. இதைக் கேட்டதும் எனக்கு 50 மீட்டரும் 100 மீட்டரும் சாக்கு ஓட்டமும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

அந்தப் பட்டத்தை 1985-லும் 1987-லும் இரண்டு முறை வாங்கிய ஒரு ஆண் குதிரை உண்டு. பெயர் ரக்கட் லார்க். சொந்தக்காரர் கேரல் ஹாரிஸ் என்ற ஃபுளோரிடா பெண்மணி, ஓட்டியவர் லின் பாம். கடிவாளமே இல்லாமல் அந்தக் குதிரையை அவர் ஓட்டிக்காட்டியதைப் பற்றி அங்கே இன்றும் பேசுகிறார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அந்தக் குதிரையின் பிள்ளைகள் இரண்டு பிற்பாடு, 1991-லும் 1999-லும், அதே பட்டத்தை வாங்கின. பரிசு வாங்கிய குதிரையைத்தானே எல்லோரும் இனப்பெருக்கத்துக்குத் தேடிப் போவார்கள்?

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன், ஏனென்றால் நான் அங்கே கேட்டதிலேயே மனதைப் பிசைந்த விஷயம் இதுதான்.

உடலமைப்பை மட்டும் பார்த்துப் பரிசு தருகிற போட்டிக்கு 'ஹால்ட்டர்' என்று பெயர். யாரும் ஏறி ஓட்ட வேண்டாம். கயிற்றில் பிடித்து நிறுத்தினால் போதும். 1974-ல் அதில் உலக சாம்பியனான குதிரை இம்ப்ரெசிவ். பெயருக்கேற்ற உடம்பு, திரண்ட தசை. அதன் குட்டிகளும் அப்படியே பிறந்து பரிசுகளைக் குவித்தன. எல்லோருக்கும் அந்த வம்சம்தான் வேண்டும் என்றாகி, ஆயிரக்கணக்கில் பெருகியது. பிறகு அந்த வம்சத்துக் குதிரைகளில் சில திடீரென்று நடுங்கின, தசை துடித்தது, கால் தளர்ந்து விழுந்தன. சில செத்தும் போயின. தசைகளில் சோடியம் போய்வரும் பாதையில் ஒரு மரபணுக் கோளாறு. சுருக்கமாக 'ஹெச்.ஒய்.பி.பி.' என்பார்கள். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், நோய் வரலாம். அந்தத் திரண்ட தசைக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பு இருக்கிறது. நடுவர்கள் எதைப் பார்த்துப் பரிசு தந்தார்களோ அதனோடு சேர்ந்தே நோயும் பரவியது. 1992-ல் மரபணுச் சோதனை வந்தது. இரண்டு பக்கமும் கோளாறு உள்ள குட்டி 2007-லிருந்து பிறந்தால் பதிவேட்டில் சேர்ப்பதில்லை என்று சங்கமே விதி போட வேண்டியதாயிற்று.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. நிற்க வைத்துப் பார்த்தார்கள், அழகாக இருந்ததற்கு மார்க் போட்டார்கள். அவ்வளவுதான். ரேஞ்ச் ஹார்ஸ் போட்டியில் உடலமைப்பைக் கடைசியில் வைத்து, மற்ற வேலைகளைச் செய்த குதிரைகளை மட்டும் அந்த வரிசையில் நிற்க விடுகிறார்கள். வேலை செய்து காட்டிவிட்டு வா, பிறகு உன் அழகைப் பார்க்கிறோம் என்பது மாதிரி.

அமெரிக்கக் கதையாகவே போகிறதே என்று நினைப்பீர்கள். நமக்குத் தெரிந்த ஒன்றையும் சொல்கிறேன். ஒலிம்பிக்கில் 'ஈவென்டிங்' என்று உண்டு. ராணுவ அதிகாரியின் குதிரை எப்படி இருக்க வேண்டும் என்று சோதிப்பதற்காகத் தோன்றியது, 1912 ஸ்டாக்ஹோமில் இருந்து நடக்கிறது. பயிற்சி நடை, காடு மேடு தாண்டும் ஓட்டம், அரங்கத்தில் தடை தாண்டுதல் என்று மூன்று கட்டம். அங்கே மார்க் கூட்டுவதே கிடையாது, தப்பைத்தான் கூட்டுவார்கள். குறைந்த தப்பு உள்ளவர் வெற்றி. பெங்களூருக்காரர் ஃபவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் இதில் வெள்ளி வாங்கினார். டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஓட்டினார். நடையில் 72 சதவீதம் வாங்கினார் என்றால், 100-லிருந்து கழித்து அவர் பெயரில் 28 தப்பு. காட்டு ஓட்டத்தில் ஒரு தடையும் மறுக்கவில்லை, ஆனால் குறித்த நேரத்துக்கு மேல் 28 நொடி. நொடிக்கு 0.4 வீதம் 11.20. ஆக 39.20. தடை தாண்டும் முதல் சுற்றில் 8, இறுதிச் சுற்றில் 12.40. மொத்தம் 59.60, 23-ஆவது இடம். இருபது வருடத்துக்குப் பிறகு ஒலிம்பிக் ஈவென்டிங்கில் இறங்கிய இந்தியர் அவர்தான். அவருக்கு 0.4 எங்கிருந்து வந்தது என்று யாரும் சண்டை போடவில்லை. புறப்படும் முன்பே அது விதிப்புத்தகத்தில் இருக்கிறது. இருவர் சமமாக வந்தால், காட்டு ஓட்டத்தில் யார் மேல் என்று பார்ப்பதும் அப்படியே.

நான் உட்கார்ந்த அந்தச் சின்னக் கண்காட்சியில் இதைக் கண்ணால் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு, ஒரு குதிரையும் உள்ளே வராத நேரத்தில், பலகையில் ஒரு தாள் குத்தியிருந்தார்கள். மொத்தப் பரிசுக்கு எப்படிக் கூட்டுவோம், எத்தனை போட்டியில் இறங்கினால் தகுதி, சமமானால் எந்தப் போட்டியைப் பார்ப்போம். மாலையில் இரண்டு பேர் சமமாக வந்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது, நம் கிளப் ஹவுஸில் நாற்பது நிமிடம் நடந்ததை நினைத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த பாட்டியம்மா தாளை ஒரு முறை விரலால் தொட்டுக் காட்டினார். சமமானால் மாட்டு வேலை. மாட்டு வேலையில் பின்தங்கிய பெரியவர் தொப்பியை லேசாகத் தூக்கிவிட்டு, ஜெயித்த பெண்ணிடம் கைகுலுக்கிவிட்டு, குதிரையை வண்டியில் ஏற்றப் போய்விட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நம் கதைக்கு வருகிறேன். கோப்பை வாங்கிய பையன் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாக ஓடினான். கோப்பையைத் திருப்பிக் கேட்கும் பேச்சும் வேண்டாம். ஓட்டத்துக்கு என்று தனியாக ஒரு கோப்பை கொடுத்திருந்தால் அவனுக்கும் பெருமையாக இருந்திருக்கும்.

ஆனால் இந்த ஆண்டுக்கான பெயர்ப் பட்டியல் போன வாரம் என் கைக்கு வந்தது. போன ஆண்டு நாலு போட்டிக்கு மேல் பெயர் கொடுத்த குழந்தைகள் பதினொரு பேர். இந்த முறை மூன்று பேர்தான். ஏழு போட்டியில் இருந்த அந்தச் சிறுமி ஓவியத்துக்கு மட்டும் கொடுத்திருக்கிறாள். லிஃப்டில் பார்த்தபோது ஏன் என்று கேட்டேன். "எனக்கு அதுதான் நல்லா வரும் தாத்தா" என்றாள். அவளுக்குச் செஸ்ஸும் நன்றாகவே வரும். என்னைத் தோற்கடித்திருக்கிறாள்.

அதனால் விளையாட்டுக் குழுவிடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறேன். ஆல்ரவுண்டர் கோப்பைக்குக் குறைந்தது நான்கு போட்டி. ஓட்டம், பலகை விளையாட்டு, கலை, பேச்சு ஆகிய நான்கு பிரிவிலும் ஒன்றாவது இருக்க வேண்டும். ஒரு பிரிவில் எத்தனை ஜெயித்தாலும் சிறந்த ஒன்றுதான் சேரும். தான் முந்திய ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு புள்ளி, ஒரு போட்டிக்கு அதிகபட்சம் 10. நான்காவது, ஐந்தாவது வருகிறவர்களுக்கும் அதில் ஏதாவது இருக்கும். சமமானால் கூடுதல் போட்டியில் இறங்கியவருக்கு. இதில் ஓட்டை இல்லை என்று சொல்லமாட்டேன். பி பிளாக் மாமி ஒருவர் நேற்றே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்: அதிகம் பேர் வராத பேச்சுப் போட்டியில் ஜெயிப்பவருக்கு இரண்டு மூன்று புள்ளிதான் கிடைக்கும். சரிதான். அதை எப்படித் தைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தாள் இரண்டு லிஃப்டுக்குப் பக்கத்திலும் ஒட்டியிருக்கிறது. உங்கள் திருத்தங்களை எழுதி செக்யூரிட்டி மேஜையில் இருக்கும் பெட்டியில் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் போடுங்கள். பெயர் கொடுக்கும் கடைசித் தேதியை அதற்கடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே ஒரு போட்டிக்கு மட்டும் பெயர் கொடுத்த குழந்தைகள் மாற்றிக் கொடுக்கலாம். அந்தச் சிறுமி வீட்டுக் கதவை நாளை மாலை நானே தட்டப் போகிறேன்.